விரற்கடை

டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே
நாலு விரற்கடை.
வீப்கே கையை நுழைத்துக் காட்டுகிறாள்:
“பார், மழைத்தண்ணீருக்குப் பேண்ட்டைத்
தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.”
எனக்கு அது கார் மாதிரிதான் தெரிகிறது.
சிவப்பு. இரண்டே இருக்கை. பதினோரு வயது.
முன்பு ஒரு பல் டாக்டரிடம் இருந்தது.

வூப்பர்டாலில் நவம்பர்.
பட்டறைக்கு வெளியே, ஆற்றுக்கு மேலே,
ரயில் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு போகிறது.
அதற்கு இந்தக் கவலையே இல்லை.
தரை என்று ஒன்று இருந்தால்தானே.

நெவ்ஸாத்தின் மேசையில் இரண்டு பெட்டிகள்.
ஒன்று வண்டியை இருபத்தைந்து மில்லிமீட்டர் இறக்கும்,
மற்றது நாற்பது.
எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தால் சுருள்கள்:
ஒரு முனையில் நெருக்கியடித்து
போகப் போக விலகி,
படபடவென்று தொடங்கி நிதானத்துக்கு வருகிற பேச்சு மாதிரி.

“நாற்பது அழகு, ஒத்துக்கொள்கிறேன்,”
நெவ்ஸாத் டீயை ஊதுகிறான்.
“ஆனால் உன் பழைய டேம்பர்
ஆறே மாதத்தில் எண்ணெயாய் அழும்.
அதையும் மாற்று. இல்லை, இருபத்தைந்தோடு நில்.
இன்னொன்று, சோதனை நிலையத்து லோமான் அம்மா
டேப்போடு தரையில் படுத்தே அளப்பார்.
உள்ளே எங்காவது உரசினால்
ஸ்டிக்கர் கிடையாது.”

குனியக் குனியக் குட்டும் ஊர்தான் இது.
பள்ளிக்கூடத்து வேகத்தடை,
மேட்டுத் தெருவின் கருங்கல் பாவல்,
எங்கள் அடித்தளக் காரேஜிலிருந்து ஏறும் சரிவின் உச்சியில்
யாரோ ஒரு கொத்தனார்
சம்பளத் தகராறில் விட்டுப்போனது போல்
ஒரு கான்கிரீட் புடைப்பு.
நேற்றிரவு அங்கே மண்டியிட்டு
பீட்சா அட்டைகளை வண்டியின் வயிற்றுக்கடியில்
ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினாள்.
ஏழாவது கிழிந்தது.

“இப்போது நீ ஏறி உட்கார்.”
உட்கார்ந்தேன்.
பக்கத்து இருக்கையின் எழுபத்தெட்டுக் கிலோ நான்.
இவ்வளவு துல்லியமாக
இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை.
“அசையாதே. மூச்சு விடலாம்.”
டேப் சொடுக்கியது. பென்சில் கீறியது.
“இறங்கு.”
இறங்கினேன்.
மறுபடி சொடுக்கு.
வெகுநேரம் பென்சில் சத்தம் வரவில்லை.

ஒன்பது மில்லிமீட்டர்.
நான் இல்லாவிட்டால்
வண்டி அவ்வளவு உயரும்.

ஜனவரியில் எனக்கு ரோஸ்டாக்கில் வேலை.
இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை என்று
நாட்காட்டியில் வட்டம் போட்டாயிற்று.
சமையலறையில் பேசினோம், படுக்கையில் பேசினோம்,
ரயில் கட்டணத்தைப் பற்றித்தான் நிறைய.

நெவ்ஸாத்தின் படிவத்தில் மூன்றாவது கேள்வி:
வழக்கமாக வண்டியில் எத்தனை பேர்?

அவன் பேனாவை நீட்டிக் காத்திருக்கிறான்.
தொங்கும் ரயில் எதிர்த்திசையில் வருகிறது,
ஸ்பேனர்கள் ஆணியில் லேசாய் முனகுகின்றன.
நாற்பதின் பெட்டியைத் தூக்கி
எடை பார்ப்பது போல் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறாள்.
பிறகு மூடியை அழுத்தி மூடுகிறாள்.

“இருபத்தைந்து.”
“தனியாகப் போகும்போது
கொஞ்சம் தூக்கலாகத்தான் தெரியும்,” என்கிறான்.
“தெரியட்டும்.”
படிவத்தில் இரண்டு என்று எழுதுகிறாள்,
எண்ணால் அல்ல, எழுத்தால்.

வியாழக்கிழமை மாலை.
லிஃப்ட்டிலிருந்து இறங்கிய வண்டி
புதுச் செருப்பில் நிற்பவர் போல் நிற்கிறது.
சுருள்கள் முழுசாய் உட்கார
இருநூறு கிலோமீட்டராவது ஓட வேண்டுமாம்.
வீப்கே விரல்களை நுழைக்கிறாள்.
இரண்டு போகிறது.
மூன்றாவது நகத்தோடு நிற்கிறது.

சொல்லாமலே
நான் ஏறி உட்கார்கிறேன்.
அவள் கையை எடுக்கவில்லை.
வண்டி மெல்ல
அவள் விரல்கள் மேல் இறங்குகிறது.