டிசம்பர் வரை

மாதத்தின் முதல் திங்கட்கிழமை
எழுதும் அட்டையும் பால்பாயின்ட் பேனாவுமாகக்
கிளம்புவேன்.
கப்பலூர்ச் சிட்கோவின் கடைசித் தெருவில்
பஞ்சு இமையில் ஒட்டும் எங்கள் மில்.
அறுபத்து நாலு சிவப்பு உருளைகள்.

முள் பச்சையில் நிற்கிறதா.
பின் இருக்கிறதா, சீல் அறுந்திருக்கிறதா.
குழாயில் வெடிப்பு.
தூக்கித் தலைகீழாய்ப் பிடித்தால்
உள்ளே மாவு சரியும் ஓசை கேட்கவேண்டும்,
கேட்காவிட்டால் கட்டிதட்டிவிட்டது.
மின்பலகை அருகே
கறுப்புக் கொம்பு வைத்து நிற்பவற்றுக்கு
முள்ளே கிடையாது.
கழிவுப் பஞ்சு நிறுக்கும் தராசில் ஏற்றிக்
கழுத்தில் பொறித்த எடையோடு
ஒப்பிட்டுப் பார்ப்பேன்.
பிறகு அட்டையில் கையெழுத்து.
கட்டம் புளியங்கொட்டை அகலம்.
முத்துப்பேச்சி அதில் அடங்கமாட்டாள்.
மு.பே. என்று போடுகிறேன்.

எனக்கு முன்னால் இருந்தவர் துளசிராம்.
ஜூன் மாதமே
டிசம்பர் வரைக்கும் போட்டுவைத்துவிட்டார்.
ஒரே பேனா, ஒரே சாய்வு,
ஏழு மாதமும் ஒரே மத்தியானத்தில் நடந்திருக்கிறது.
குறை சொல்லவில்லை.
குனிந்து குனிந்து நிமிர்கிற வேலை,
முட்டி தேய்ந்த மனிதர்.
செப்டம்பரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
பெரியாஸ்பத்திரிக்குப் போனார்.
அக்டோபர் ஏழாம் தேதி தத்தனேரியில் எரித்தார்கள்.
மில் வேனில் போய்த் திரும்பினோம்.
மறுநாள் நூற்பு அறை வாசலில் பார்க்கிறேன்,
நவம்பரிலும் வந்து சரிபார்த்திருக்கிறார்.
டிசம்பரிலும்.

செத்தவர் கையெழுத்தை அடிக்க
பேனா ஓடவில்லை.
மூன்றாவது உருளையில் ஓடியது.

முப்பத்தேழாம் எண்
குடோனில், பேல்களுக்குப் பின்னால்,
ஆள் நுழையாத சந்தில் கிடந்தது.
முள் சிவப்பில் படுத்திருந்தது.
குழாய் வாயில் குளவி கூடு கட்டிக்
குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது.
"பதினெட்டாந் தேதி ஆடிட் வருதும்மா,
கட்டம் காலியா இருந்தா நல்லாருக்காது"
என்றார் மேனேஜர் அமலோற்பவம்.
"காலியா இல்ல சார்.
அழுத்தம் இல்லைன்னு எழுதிட்டேன்."
வாங்கிப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்
திரும்பவும் பார்த்தார்.
"இதுக்குக் காலியே தேவலாமே."

ஆனாலும் ஆள் அனுப்பினார்.
சிம்மக்கல்லிலிருந்து குட்டியானையில் வந்த இஸ்மத்
மூடியைத் திருகிக் கவிழ்த்தான்.
ஒன்றும் விழவில்லை.
கம்பியால் குத்தியதும்
உப்பளப் பாளமாக ஒரு துண்டு.
"இதைத் தூக்கித் தீ மேலே போட்டிருந்தாத்தான்
ஏதோ கொஞ்சம் அணைஞ்சிருக்கும்க்கா" என்றான்.

ஜனவரியில் ஒரு நாள்,
மூன்றாம் ஷிப்ட், கார்டிங் வரிசை.
பஞ்சோடு வந்த ஆணித்துண்டு உரசிப் பொறி.
தங்கமாயி பன்னிரண்டாம் எண்ணை உருவினாள்.
பின்னைப் பிடுங்கி அடித்தாள்.
எட்டு வினாடி என்கிறார்கள்.
அவள் எண்ணவில்லை.
ஒரு போர்வை அகலத்துக்குக் கறுப்பு,
அவள் புருவத்தில் வெள்ளை, அவ்வளவுதான்.
பேப்பரில் வரவில்லை.
பேப்பரில் வர அதில் ஒன்றும் இல்லை.
காலையில் பதிவேட்டில் எழுதினேன்:
எண் 12. பயன்பட்டது. நிரப்ப அனுப்ப வேண்டும்.
கொஞ்ச நேரம் யோசித்து
தங்கமாயி பெயரையும் எழுதினேன்.
அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில்தான் எழுதினேன்.

சாயங்காலம் பெரியார் போகும் பஸ்.
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
சிவப்பு அடித்த ஒரு கொக்கி,
நாலு ஆணி, ஒரு வட்டத் துரு.
உருளை இல்லை.
திருப்பரங்குன்றம் வரைக்கும்
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
பேனா கையில்தான் இருந்தது.
இந்தப் பஸ்ஸுக்கு என்னிடம் அட்டை கிடையாது.

கண்டக்டர் மகளிர் சீட்டைக் கிழித்து நீட்டினார்.
காசு பூஜ்யம்.
தேதி இன்றையது.
நேரம் ஆறு நாற்பத்திரண்டு.
வாட்சைப் பார்த்தேன்,
ஆறு நாற்பத்திரண்டுதான்.