வெளிப்பெட்டி

முலுண்ட், ஒன்பதாம் மாடி.
ஏசி பெட்டிக்குப் பின்னால்
செம்புக் கம்பி, துணி ஹேங்கர்,
யாருடையதோ மூக்குக்கண்ணாடிக் கால்:
கூடு அவ்வளவுதான்.
கயிற்றில் தொங்கியபடி எட்டிப் பார்க்கிறான் சுடலைமணி.
ஒற்றைக் குஞ்சு. உடம்பெல்லாம் புள்ளி.
காக்காய்க்கு ஏது புள்ளி?

இரண்டு முறை ஹெல்மெட்டில் கொத்திய காக்காய்
மூன்றாம் முறை
வாயில் வடாபாவ் துண்டோடு வந்ததால்
கொத்த வழியில்லாமல்
குழாயில் உட்கார்ந்து அவனையே முறைக்கிறது.
குஞ்சு வாயைத் திறக்கிறது. அத்தனை சிவப்பு.
ஊட்டிவிட்டுத்தான் மறுபடி சண்டைக்கு வருகிறது.

எதிர்மரத்தில்
பெற்றவன் கூவிக்கொண்டிருக்கிறான்,
வெட்கமே இல்லாமல், நல்ல சுருதியில்.

"தள்ளிவிட்டாச்சா?" ஜன்னலுக்குள்ளிருந்து குரல்.
"பார்ட் வரணும் மேடம்,
பதினஞ்சு நாள் ஆகும்."

காக்காயிடமும்
அவன் உண்மையைச் சொல்லவில்லை.