பிற

ஆய்வுப் பிரிவு, நான்காம் ஜன்னல்.
விதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம்.
முழுநேரம் என்றால் மூன்று வருடம்,
பகுதிநேரம் என்றால் நான்கு,
ஆறைத் தாண்டினால் துணைவேந்தர் கையெழுத்து.
ஆய்வேட்டின் இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம்.
ஒன்றேகால் விட்டு வந்தவரை
மறுபடி பைண்டிங் கடைக்கே அனுப்பியிருக்கிறேன்,
மருதமலை ரோட்டில், உச்சி வெயிலில்.

நான் அஞ்சல்வழி பி.காம்.
நாளைய முனைவர்கள் என் முன்னால் நின்று
பேனா கேட்பார்கள்.

தெய்வநாயகி வந்தது ஒரு சித்திரையில்,
சாப்பாட்டுக்கு ஜன்னலை இழுக்கிற நேரம்.
பெருந்துறைப் பக்கம் தனியார் கல்லூரியில் வேலை.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே படிவத்தை நீட்டினார்.
கால நீட்டிப்பு.
காரணம்: மருத்துவம், மகப்பேறு, பணிமாற்றம், பிற.
பிற-வில் டிக் அடித்து
மிச்சமிருந்த அரை வரியில் எழுதியிருந்தார்:
நொய்யல் வரவில்லை.

'யாருங்க அது, உங்க கைடுங்களா?'
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
இந்த ஜன்னலில் வராமல் போவது
எப்போதும் ஆட்கள்தான்.

'ஆறுங்க' என்றார்.

மூன்று பருவத்துத் தண்ணீர் வேண்டும்.
குழு ஒப்புக்கொண்டது அப்படித்தான்:
மழைக்கு முன், மழையில், மழைக்குப் பின்.
இரண்டு வருடமாக
மழைக்கு முன் மட்டுமே நடந்துகொண்டிருக்கிறது.
மங்கலத்தில் பாட்டிலை இறக்கினால்
சாக்கடை ஏறுகிறது.

கோப்பில் நான் எழுதினேன்,
'ஆய்வுப் பொருள் கிடைக்கப்பெறாமை.'
ஒரு வருடம் கிடைத்தது.

என் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில்
சாயப்பட்டறையில்தான் சம்பளம்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நானும் சொல்லவில்லை.

ஐப்பசியில் வெள்ளியங்கிரிப் பக்கம் கொட்டியது.
அடுத்த அரையாண்டு அறிக்கையின் மூலையில்
சேற்றுப் பெருவிரல்.
கறைபட்ட தாளைத் திருப்ப வேண்டும், விதி.
திருப்பவில்லை.

பிறகு இரண்டு கட்டுரை,
திருட்டில்லை என்ற சான்று, பத்து சதவீதத்துக்குள்
(எட்டு வந்தது,
அதில் பாதி ஆற்றங்கரை ஊர்களின் பெயராம்),
ஆய்வுச் சுருக்கம், தேர்வாளர் பட்டியல்.
வெளிநாட்டுத் தேர்வாளர் பதினோரு மாதம் வைத்திருந்து
ஒரு கால்புள்ளியைத் திருத்தச் சொன்னார்.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்க வேண்டும்,
எவரும் வினவலாம்.
அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.
வினவுகிறவர் சட்டைப் பையில்
முந்தின நாளே எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு இருக்கும்.
அப்புறம் டீ, மிக்சர்.

அன்றைக்கு ஆள் குறைவென்று
குறிப்பெடுக்க என்னை அனுப்பினார்கள்.
கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார்.
வருகைப் பதிவில் பார்த்தேன்:
சென்னியப்பன், விவசாயம்.
ஏழாம் எண் மாதிரி அவர் கிணற்றுத் தண்ணீர்.

'அம்மிணி, நீங்க சொன்னது பூராஞ் செரிங்க.
அந்தத் தண்ணியத் தென்னைக்கு
உடலாமுங்களா, வேண்டாமுங்களா?'

புறத்தேர்வாளர் வாட்ச்சைப் பார்த்தார்.
தெய்வநாயகி திரையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார்,
பிறகு அதை அணைத்தார்.

'மழைக்கு முன்ன வேண்டாங்க.
மழையில உடலாம்.
மழைக்குப் பின்ன...
ஒரு வருசத் தண்ணிதானுங்க எனக்குக் கெடச்சுது.
அத வெச்சு உறுதியாச் சொல்ல முடியாதுங்க.'

கைடு கண்ணை மூடிக்கொண்டார்.
'அப்ப அடுத்த மழைக்கும் வாங்க' என்று
சென்னியப்பன் உட்கார்ந்தார்.

முனைவர் என்று அறிவித்தார்கள். கைதட்டல்.
என் தாளில் ஒரு வரி பாக்கி:
பொதுமக்கள் வினாவுக்கு ஆய்வாளர் அளித்த விடை
திருப்திகரம் / திருப்தியற்றது.
பொருந்தாததை அடிக்கவும்.

இதை அவரையே கேட்கலாமென்று திரும்பினால்
நாற்காலி காலி.
மிக்சரைத் தட்டுக் காகிதத்தோடு மடித்துக்கொண்டு
ஈரோட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாராம்.