குழிக்கு ஒரு துகள்

மூன்று நானோமீட்டர்.
அதற்கு மேல் வளரவிடாததுதான்
என் உத்தியோகம்.

கஞ்சிக்கோட்டில் கூரைத் தகரத்தைக்
கணவாய்க் காற்று இழுத்துப் பார்க்கும் மத்தியானம்,
படிந்த கரியை எரித்தெடுக்கச் சூடேற்றுகிறோம்.
பல்லேடியம் நகரத் தொடங்குகிறது.
அலுமினா மேல் தனித்தனியாய்த் தூவியதுதான்;
ஒன்றையொன்று தேடிப் போய்
ஒட்டும், பருக்கும்.
பருத்தபின் உள்ளே மாட்டிய அணுக்களுக்கு
வேலை கிடையாது,
விலை மட்டும் உண்டு.

"கூட்டம் கூடியாச்சோ?"
சஜிமோள் எட்டிப் பார்க்கிறாள்.
எலக்ட்ரான் படத்தில் கறுப்புப் பொட்டுகள்:
வாளையாற்றில் சாவடி எடுத்த பிறகும்
பழக்கத்தில் ஓரங்கட்டும் லாரிகள்.

பதினோராவது தடவை சீரியம் சேர்த்தோம்.
பரப்பெங்கும் குழி.
குழிக்கு ஒரு துகள்,
எட்டிப் போகாதபடி.
ஆமணக்கெண்ணெய் உள்ளே போய்
மெழுகாய் வந்தது
முந்நூறு மணி நேரம்.

முந்நூற்று நாலில்
ஹைட்ரஜன் உறிஞ்சுவது நின்றது.
கழுவாத டேங்கரில்
சொல்லாமல் வந்திருந்தது கந்தகம்.
மூலையிலிருந்த அணுக்கள்தான்
முதலில் அதைப் பிடித்துக்கொண்டன.
ஓடியாடி உழைத்ததும் அவைதான்.
குழிகளில் துகள்கள் அப்படியே இருந்தன,
அளவு மாறாமல்,
ஒன்றும் செய்யாமல்.
சஜிமோள் பதிவேட்டில் தேதி மட்டும் எழுதினாள்.

ராத்திரி கோவை வண்டி
யானைக்காகக் காட்டில் ஊர்கிறது.
ஜன்னலுக்கு ஒருவராய் உட்கார்ந்திருக்கிறோம்.
நடுவில் இவ்வளவு இடம்,
குலுக்கலிலும் யாரும் நகரவில்லை.

இந்தப் பெட்டிக்கு
என்ன சேர்த்தார்கள்?