மூணு மணித் தண்ணி

காலடிப்பேட்டை மார்க்கெட் முனையில
ஏழு வருசமா மருந்துக் கடையில நிக்கிறேன்.
எந்த அரிப்புக்கு எந்த டியூப்புன்னு
கரண்ட் போன நேரத்துலயும் கை தானா எடுக்கும்.
படர்தாமரைக்கு மேல் தட்டு. வேர்க்குருவுக்குக் கீழ் தட்டு.
முகம் வெளுக்கணும்னு வர்ற கல்யாணப் பொண்ணுக்கு
"வாணாம்மா, தோலு மெலிஞ்சுடும்."
எனக்கு மட்டும்
காதுக்குப் பின்னால கிளம்பிக் கழுத்துவரைக்கும்
செவப்பா ஒரு ஊர்வலம்.

துப்பட்டாவுக்கு ரெண்டு ஊக்கு.
அப்படியும் பாத்துட்டார் ஏகாட்சரம்.
டிரெய்லர் ஓட்டுறவர். ஹார்பர் கேட்டுக்கு வெளிய
மூணு ராத்திரி வண்டியிலயே கிடந்து
பரோட்டா சால்னாவுல வயிறு ஊதி
வாயு மாத்திரைக்கு வந்து நிப்பார்.
"இன்னா அமுலு, மருந்து விக்கிறவளுக்கே
மருந்து இல்லியா?"

ஸ்டான்லி. தோல் பிரிவு. நூத்திப் பதினாலாவது ஆள்.
அந்தச் சின்ன டாக்டரம்மா
கழுத்தைத் திருப்பிப் பாத்தாங்க, தொட்டும் பாத்தாங்க.
அப்புறம் சத்தமா,
"காலையில ஒழுங்கா வெளிய போவுதா?"

பின்னால பெஞ்சு நெறைய ஜனம்.
நான் கழுத்தைக் காட்ட வந்தவ.
"நாலு நாளைக்கு ஒருக்கா."
"தண்ணி?"
"காலையில ஒரு டம்ளர். வீட்டுக்குப் போயி ஒரு சொம்பு."
"நடுவுல?"

நடுவுல பன்னெண்டு மணி நேரம்.
கடையில கக்கூஸ் இல்ல.
அண்ணாச்சிக்குச் சந்து இருக்கு, சுவர் இருக்கு.
எனக்கு ஸ்வீட் ஸ்டால் பின்கட்டு.
சாவி மாஸ்டர் இடுப்புல.
கேக்குறப்ப அவன் சிரிக்கிற சிரிப்புக்குப் பயந்து
தாகத்தை மடிச்சு வைக்கப் பழகுனேன்.
மத்தியானப் பசிக்கு டீயில முக்குன பன்னு.
தும்மல் வந்தா, தேதி முடியப்போற
ஆன்டிபயாட்டிக் அட்டையில நாலு.
டாக்டர் நானே. நோயாளி நானே. பில்லு கிடையாது.

"எல்லாமே குடல்லேர்ந்துதான் வருதுன்னு சொல்ல மாட்டேன்,
ஆனா உள்ள கோடிக்கணக்குல குடியிருக்குதுங்க,
நல்லதுங்களும்தான்.
அதுங்களைப் பட்டினி போட்டா
சில பேருக்குத் தோல்ல வந்து கேக்கும்" என்றாங்க.

எங்க ஹவுசிங் போர்டு பிளாக் ஞாபகம் வந்துது.
கீழ பைப்பு அடைச்சுக்கும்.
மேல எங்க ஹால் சுவத்துல திட்டுத் திட்டா ஓதம் பூக்கும்.
ஆளு வருவான், சுரண்டுவான், பெயின்ட் அடிப்பான்,
போட்டோ எடுத்துக்கிட்டுப் போவான்.
அடுத்த மழைக்கு அதே இடத்துல அதே திட்டு.
நான் வித்த டியூப் எல்லாம்
எத்தனை வாளி பெயின்ட்டு?

சீட்டை அண்ணாச்சி கிட்ட நீட்டுனேன்.
எந்த டாக்டர் கிறுக்கலும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு.
தெளிவா எழுதியிருந்த ஒத்த வரிதான் புரியல:
தண்ணீர், மூணு லிட்டர்.
"கழுத்துக்கும் தண்ணிக்கும் என்னம்மா?"
"தண்ணிக்கும் சாவிக்கும் இருக்குது அண்ணாச்சி."
பேச்சே இல்ல. தராசு இல்லாத கடையில
எதையோ நிறுத்துக்கிட்டிருந்தார்.

கக்கூஸ் கட்டலை.
ஒரு வாரம் கழிச்சு, தைலம் காலண்டருக்குப் பக்கத்துல
ஆணியில ஒரு டூப்ளிகேட் சாவி தொங்குச்சு.

இப்ப மூணு மணிக்கு
கல்லாவுக்கு முன்னால, எல்லார் கண்ணும் பாக்க
அண்ணாந்து குடிக்கிறேன்.
மத்தியானத்துக்குக் கம்பங்கூழும் மோரும்.
காது ஓரம் வெளுத்துருக்கு.
தோள்பட்டையில புதுசா ஒண்ணு.
அரிப்பு போகலை, ராத்திரியில தூங்க விடுது.

நேத்து ஏகாட்சரம் வந்தார், வாயுவுக்கு.
மாத்திரையை எடுக்காம கேட்டேன்,
"கேட்டுல நிக்கிறப்ப தண்ணி குடிப்பியா? எங்க போவ?"
சிரிச்சார். ரோட்டைப் பாத்தார்.
எண்ணூர் பக்கம் போற வண்டிங்க
நகராம நின்னுட்டிருந்துச்சு.
அப்புறம் மெதுவா
முழுக்கைச் சட்டையோட பட்டனைக் கழட்டி
முழங்கையை என் பக்கம் திருப்புனார்.