வலது பக்கம் வெள்ளை

'நிறுவல் வெற்றிகரமாக முடிந்தது' என்று
சாயங்காலம் பச்சை டிக் போட்ட அதே கணினிதான்.
கையேட்டைத் திறந்தால் இப்போது
இடது பக்கம் பொருளடக்கத்தை அடுக்கிவிட்டு
வலது பக்கத்தை வெள்ளையாக விரிக்கிறது.

ராணிப்பேட்டை சிப்காட். இரவு ஒன்று இருபது.
தோல் ஷாப்புகள் கழித்த தண்ணீரெல்லாம்
வந்து சேரும் இடம்.
மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும்,
ப்ளோயர் நின்றுவிட்டது.
பேனலில் சிவப்பாக எஃப் இருபத்தேழு.
இன்னொரு ப்ளோயர் காயில் கட்ட
அம்பத்தூர் போய் பதினோரு நாள்.

காற்று நின்றால்
தொட்டிக்குள் இருக்கும் கிருமிகளுக்கு மூச்சு முட்டும்.
அவை எங்கள் ஆட்கள்.
வார விடுப்பு கேட்காமல்
ஊர் அழுக்கைத் தின்கிறவை.
"ஒண்ணு புள்ளி நாலு"
தொட்டி மேட்டிலிருந்து கத்துகிறார் முனிரத்தினம்.
ரெண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

பதில் உள்ளேதான் இருக்கிறது.
அதன் பெயர்கூடத் தெரிகிறது:
பிழை எண்கள், இருபது முதல் நாற்பது வரை.
தொட்டால் வெள்ளை.
இலை போட்டுத் தண்ணீர் தெளித்து
பரிமாற ஆள் வராத பந்தி.

நீக்கி மறுபடி நிறுவினேன். பச்சை டிக்.
வைரஸ் காவலாளியைத் தூங்க வைத்தேன்.
வெளியாள் கோப்பு என்று விண்டோஸ் சந்தேகப்பட்டிருக்கும்,
வலது க்ளிக், ப்ராப்பர்டீஸ்,
அடியில் ஒளிந்திருந்த 'அன்பிளாக்' கட்டத்தில் ஒரு டிக்.
பிறகு, வெட்கத்தை விட்டு,
அணைத்துப் போட்டேன்.

"இன்னா சார், புக்கு தொறக்கலியா?"
"தொறந்துதான் கீது.
உள்ள ஒண்ணும் இல்ல."
"பூஜ்ஜியம் புள்ளி ஒம்போது சார்."

பேனல் ரூமில் சிக்னல் கிடையாது.
கேட் பக்கம் போனால் ஒரு கோடு வரும்.
அங்கே நின்று யாருக்காவது அனுப்பலாம் என்று
கோப்பை டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டேன்.
கை நடுக்கத்தில் ரெண்டு தடவை தட்டிவிட்டது.

திறந்தது.
எழுத்து. அட்டவணை. படம்.
அதே கோப்பு. அதே கணினி.
இடம் மட்டும்தான் வேறே.

பழைய இடத்தின் பெயரை
ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்.
டி டிரைவ். மேனுவல்ஸ். ப்ளோயர் #2.
நெடுக்கே ரெண்டு கோடு, குறுக்கே ரெண்டு கோடு.
ப்ளோயர் வயிற்றில் மஞ்சள் பெயிண்டில்
அப்படித்தான் எழுதியிருக்கிறது,
பார்த்து அப்படியே தட்டியவன் நான்.
அந்தக் குறி வந்தால்
வழி அங்கேயே முடிந்தது என்று நினைத்துக்கொள்ளுமாம்
இந்தக் கோப்பு வாசிக்கும் மென்பொருள்.
எப்போதோ எங்கோ கேட்டது,
இந்த நேரத்துக்கு ஞாபகம் வருகிறது.

எஃப் இருபத்தேழு:
உள்ளிழுக்கும் காற்று வடிகட்டியில் அடைப்பு. சுத்தம் செய்க.
இவ்வளவுதான்.

டார்ச் அடித்துப் போனோம்.
வடிகட்டிக்கு மேலே எரிந்த பல்பை நம்பி வந்த
ஈசல், ஈசல், ஈசல்.
சல்லடைக் கண் ஒன்றுகூடத் தெரியாமல்
ஈரச் சிறகுகள் அப்பிக் கிடந்தன.
முனிரத்தினம் பல்பைக் கழற்றினார்,
சூடு தாங்காமல் துண்டில் சுற்றி.
நான் தேய்க்கும் பிரஷ் எடுத்தேன்,
பிறகு பிரஷையும் போட்டுவிட்டு நகத்தால்.

ரெண்டே கால் மணிக்கு ப்ளோயர் ஊளையிட்டது.
தொட்டி முழுக்கக் கொதிக்கிற மாதிரி குமிழி.
"புள்ளி அஞ்சு" என்றவர்
கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.
"புள்ளி ஆறு."

பதிவேட்டில் எழுதினேன்:
நின்றதற்குக் காரணம், ஈசல்.
ஃபோல்டரின் பெயரை
ப்ளோயர் ரெண்டு என்று மாற்றினேன்,
அதைப் பதிவேட்டில் எழுதவில்லை.

டீ ஊற்றிக்கொண்டே கேட்டார்:
"அந்த புக்கு ஏன் சார் அவ்ளோ நேரம் தொறக்கல?"

முழங்கையில் ஒட்டியிருந்த ஒரு சிறகை
ஊதித் தள்ளிவிட்டு
"மழை" என்றேன்.