சராசரி

காசிமேட்டுப் பள்ளி, ஏழாம் வகுப்பு 'பி'.
இடுப்பில் ஆளுக்கொரு
காலடி எண்ணும் கருவி.
திங்கட்கிழமை கணக்கு நோட்டில்
ஞாயிறு நடந்ததெல்லாம்.

டெல்வின், இருபத்தொன்பதாயிரம்.
கொக்கியில் பழுப்பு மயிர்.
"நாய்க்குக் கட்டினியாடா?"
வகுப்பே குரைத்துச் சிரித்தது.
அவனைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டி
முப்பத்தேழால் வகுத்தோம்.

முபீனாவின் புள்ளிக்கு
வரைபடத் தாளில் இடமில்லை.
"நீ யாருக்குக் கட்டின?"
மறுபடி சிரிப்பு.

"லாரித் தண்ணி, மிஸ்.
மூணாவது மாடி. பதினாறு குடம்.
ஏறும்போது மட்டுமா எண்ணும்,
இறங்கும்போதுமா?"

சாக்பீஸ் விரலில் பொடிந்தது.
இரண்டும்தான் என்றேன்.

டெல்வின் எழுந்து போய்
தாளுக்கு மேலே
இன்னொரு தாளை ஒட்டினான்,
கோணலாக.